டச்சு ஆவணங்களில் ஒண்டாச்சி குடும்பத்தின் பூர்வீகம்

ஒண்டாச்சி குடும்பம் என்பது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சிக் காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து கொழும்பில் குடியேறிய ஒரு தமிழ் மருத்துவரின் வழிவந்த குடும்பமாகும். பெயரைப் பார்க்கும் பலர் இதை ஐரோப்பியப் பெயர் என்றே எண்ணுவர். டச்சு மொழியில் சிறியதை அல்லது செல்லமானதைக் குறிக்கச் சொல்லின் இறுதியில் 'ட்யே' என்ற விகுதி சேர்ப்பதுண்டு. இக்குடும்பப் பெயரை டச்சு எழுத்தர்கள் அதே எழுத்துகளில் முடியுமாறு எழுதியதால் அதற்கு டச்சுச் சாயல் வந்துவிட்டது. ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி (பிறப்பு: கொழும்பு, 1943) இக்குடும்பத்தைச் சேர்ந்தவர். 1982இல் வெளிவந்த அவரது 'ரன்னிங் இன் த ஃபேமிலி' நூல், கொழும்புத் தேவாலயம் ஒன்றில் அவர் தம் முன்னோர் பெயர்களைத் தேடிச் சென்றதையும் சொல்கிறது.

குடும்ப வரலாறு

கொழும்பை 1656இல் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். அப்போது ஆளுநராக இருந்தவர் அட்ரியான் வான் டெர் மைடன். அவருடைய மனைவியின் நோயைத் தீர்க்கத் தஞ்சாவூரிலிருந்து அழைக்கப்பட்ட மருத்துவரே மைக்கேல் ஜூரி ஒண்டாச்சி என்றும், அவர் 1659இல் கொழும்பு வந்து அங்கேயே தங்கிவிட்டார் என்றும் குடும்ப வரலாறு கூறுகிறது. இக்குடும்பத்தின் வம்சாவளியை இலங்கை டச்சுப் பறங்கியர் சங்கம் (தொடக்கம்: 1908) தன் இதழில் வெளியிட்டுள்ளது.

பின்வந்த தலைமுறைகள் திருச்சபையிலும் கல்வியிலும் உயர்ந்தன. வில்லெம் ஜூரியான் ஒண்டாச்சி நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் படித்துக் கொழும்பில் போதகரானார். அவர் மகன் குவின்ட் ஒண்டாச்சி (1758-1818) சிறுவயதிலேயே நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். 1780களில் உத்ரெக்டில் மக்களாட்சி கேட்டுப் போராடிய 'தேசபக்தர்' இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். 1787இல் பிரஷ்யப் படை புகுந்து இயக்கத்தை ஒடுக்கியபோது நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பிற்காலத்தில் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்தார். தஞ்சாவூர் மருத்துவர் ஒருவரின் வழித்தோன்றல் ஐரோப்பிய நகர அரசியலில் முன்னணியில் நின்ற செய்தி நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய ஒன்று.

எந்த ஆவணத்தில் தேடுவது?

1602இல் தொடங்கி 1799இல் முடிவுற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எதையும் எழுதிவைக்கும் பழக்கமுடையது. அதன் ஏடுகள் ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் ஆகிய நகரங்களில் உள்ளன. மொத்தம் சுமார் இரண்டரைக் கோடிப் பக்கங்கள். 2003இல் யுனெஸ்கோ இவற்றை 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

மூதாதையைத் தேடுவோர் பெரும்பாலும் முதலில் எடுப்பது கப்பல் சம்பளப் பேரேடுகளை. 18ஆம் நூற்றாண்டின் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பேரேடு உண்டு. அதில் ஆளுக்கு ஒரு கணக்கு: பெயர், சொந்த ஊர், பதவி, வாங்கிய முன்பணம், வீட்டுக்கு அனுப்பிய தொகை, கடைசியில் அவர் இறந்தாரா, திரும்பினாரா, ஓடிப்போனாரா என்ற குறிப்பு. தம் முன்னோர் ஹாலந்துப் பிரபு என்று நம்பிவந்த குடும்பம், அவர் ஜெர்மன் கிராமத்துப் படைவீரர் என்று இங்கே அறிந்துகொள்ளக்கூடும். கம்பெனியின் படைவீரர்களில் பிற நாட்டார் மிகுதி.

ஆனால் ஒண்டாச்சியை இப்பேரேட்டில் தேடிப் பயனில்லை. அது ஐரோப்பாவில் கப்பல் ஏறியவர்களின் கணக்கு. அவரோ கடலின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனவர், காலத்தாலும் முந்தியவர். அவரைப் போன்றோருக்குத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், கொழும்பு ஆட்சிமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள், ஆண்டுதோறும் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்ட கடிதப் படிகள் ஆகியவையே வழி. இலங்கைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள தோம்புகளும் உதவும். தோம்பு என்பது நிலத்தையும் குடும்பத்தினரையும் பதிந்த ஏடு.

ஊர்ப் பெயர்க் குழப்பம்

டச்சு ஏடுகளில் 'மலபார் மொழி' என்று வந்தால் அது பெரும்பாலும் தமிழ். 'மலபார்' என்றிருப்பதைக் கண்டு உடனே கேரளம் என்று முடிவுகட்டியவர்கள் பலர். இலங்கை ஏடுகளில் அச்சொல் தமிழரையே சுட்டும்.

இன்னொன்று நிர்வாகப் பிரிவு. பழவேற்காடும் நாகப்பட்டினமும் சோழமண்டலக் கரை நிர்வாகத்தில் இருந்தன. கொச்சி தனி நிர்வாகம். தூத்துக்குடியோ கொழும்பு ஆளுநரின் கீழ் இருந்தது. ஆகவே தூத்துக்குடிக் கடற்கரையில் முன்னோரைத் தேடுவோர் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிடக் கூடாது. அங்குள்ள டச்சு ஏடுகளில் பெரும்பகுதி கொச்சியிலிருந்து வந்தவை. தூத்துக்குடிச் செய்திகள் கொழும்பு ஏடுகளிலும், அவற்றின் படிகள் சென்று சேர்ந்த ஹேக்கிலும் கிடைக்கும்.

பெயர் முறை மட்டும் தமிழருக்கு எளிது. 'யான்ஸ்' என்றால் யான் என்பவரின் மகன். நாம் தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போடுவதைப் போன்றதே. மதம் மாறியவர்களின் நிலை வேறு. ஞானஸ்நானத்தில் புதுப்பெயர் எழுதப்பட்டதும் பழைய தமிழ்ப் பெயர் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். பெண்களுக்கு இது இன்னும் கடுமை. ஐரோப்பியப் படைவீரர் மணந்த உள்ளூர்ப் பெண்ணுக்குப் பல பதிவுகளில் ஒரு ஞானஸ்நானப் பெயர் மட்டுமே உண்டு; தந்தை பெயர், ஊர் எதுவும் இராது.

அதே ஆண்டு, அதே சீமை

மருத்துவர் கொழும்பு வந்ததாகச் சொல்லப்படும் 1659இல் தஞ்சாவூர்ச் சீமையில் கடும் பஞ்சம். பீஜப்பூர்ப் படையெடுப்பால் வயல்கள் பாழாகியிருந்தன. 1659-61இல் பசியால் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை நாகப்பட்டினம் வழியாக ஒல்லாந்தர் வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாக அனுப்பினர். கம்பெனிக் கடிதங்களில் அவர்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கை. எத்தனை பேர், என்ன விலை என்பதே செய்தி. தென்னாப்பிரிக்காவின் கேப் பதிவுகளில் அடிமைகளின் ஞானஸ்நானப் பெயரோடு 'சோழமண்டலக் கரையைச் சேர்ந்த', 'மலபாரைச் சேர்ந்த' என்ற அடைமொழி வருவதுண்டு. அவர்களின் சந்ததியாருக்குக் கிடைக்கும் பூர்வீகம் அந்த ஒரு சொல்தான். ஒரே சீமையிலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் கடல் கடந்தவர்களில் ஒருவருக்கு வம்சாவளி அச்சாகியுள்ளது. மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர்கூட இல்லை.

இன்றைய வசதி

ஹேக் ஏடுகளில் சுமார் 50 லட்சம் பக்கங்களின் கையெழுத்தைக் கணினி படித்து, சொல்லிட்டுத் தேடும்படி செய்யும் 'குளோபலைஸ்' திட்டம் நெதர்லாந்தில் நடைபெறுகிறது. தேடுபவர் டச்சு எழுத்தர் காதில் விழுந்தபடி ஊர்ப் பெயரைப் பலவாறு எழுதிப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்தை 'நெகபட்னம்' என்றும் தஞ்சாவூரை 'தஞ்சூர்' என்றும் எழுதியவர்கள் அவர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இக்குடும்பக் கதையைச் சரிபார்ப்பது எளிதன்று. சரஸ்வதி மகால் நூலகத்தின் புகழ்பெற்ற மோடி ஆவணங்கள் மராத்தியர் காலத்தவை. 1659இல் தஞ்சையை ஆண்டவரோ விஜயராகவ நாயக்கர்.