தேரோடும் வீதிக்கு அடியில்

குடிநீர்க் குழாய், மின்சாரப் புதைவடம், தொலைத்தொடர்பு வடம் ஆகியவற்றைத் தனித்தனிப் பள்ளங்களில் மண்ணிட்டு மூடாமல், ஆள் இறங்கிப் பழுதுபார்க்கத்தக்க ஒரே பாதையில் சேர்த்துக் கொண்டுசெல்லும் அமைப்பைப் பொதுப் பயன்பாட்டுச் சுரங்கம் எனலாம். லண்டனின் காரிக் தெருவில் 1861இலேயே அது கட்டப்பட்டது. ஜப்பான் 1963இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

சிங்கப்பூரின் மரினா பே, கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் என்பதால், கட்டடங்களோடு சேர்த்தே சுரங்கத்தையும் அங்கே திட்டமிட முடிந்தது. ஆனாலும் சுரங்கத்தை நிர்வகிப்பது யார், செலவைப் பகிர்வது எப்படி என்பவற்றை வரையறுக்க 2018இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. கான்கிரீட்டைவிடக் கடினமானது உடன்பாடுதான்.

தமிழகத்தில் புதைவடம் பொதுப் பேச்சுக்கு வந்தது தேரின் வழியாக. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசிப் 11 பேர் உயிரிழந்த துயரத்துக்குப் பின், தேரோடும் வீதிகளின் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுசெல்லும் திட்டங்கள் முன்னுரிமை பெற்றன. தேவையான பணியே அது. எனினும் மின்வடத்தை மட்டும் புதைத்துவிட்டால், அடுத்துக் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டும் பொக்லைன் அதையே அறுக்க நேரிடும். தோண்டுமுன் வடத்துக்கு உரியவர்களுக்குத் தகவல் தர 2023 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த செயலி இச்சேதத்தைக் குறைக்கலாம், தோண்டுவதையே குறைக்காது.

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட கீழ்பென்னாத்தூர் போன்ற பேரூராட்சிக்குக் காற்றோட்ட விசிறியும் தீ உணரியும் கொண்ட பெருஞ்சுரங்கம் மிகையே. சாலையோரத்தில், கழற்றத்தக்க பலகை மூடிகளுடன் கூடிய ஆழமற்ற கான்கிரீட் கால்வாய் அமைத்து, சுவர்த் தாங்கிகளில் வடங்களையும் போதிய இடைவெளிவிட்டுக் குடிநீர்க் குழாயையும் பொருத்தினால் போதும். சரிவை நம்பி ஓடும் பாதாளச் சாக்கடையும், கசிந்தால் வெடிக்கக்கூடிய எரிவாயுக் குழாயும் இதில் சேரக்கூடாது.

மழைநீர் வடிகாலோ புதுச்சாலையோ போடும்போது மண் எப்படியும் வெட்டப்படுகிறது. கால்வாய்க்கு உகந்த தருணம் அதுவே. ஆனால் சாலைக்கும் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் தனித்தனி மதிப்பீடுகள் தயாராவதால், ஒவ்வொன்றிலும் அதனதன் பள்ளத்தின் செலவே இடம்பெறுகிறது. மூன்றாம் முறை வெட்டி ஒட்டுப்போட்ட சாலையின் ஆயுள் குறைவதும், பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் கடைக்காரரின் வியாபார இழப்பும் எந்த மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை. கால்வாய்க்குப் பணமில்லாத ஊரில்கூட, தார் போடுமுன் சாலையின் குறுக்கே சில வெற்றுக் குழாய்களைப் பதித்து, அவற்றின் இடத்தையும் ஆழத்தையும் குறித்த வரைபடத்தைப் பேரூராட்சி அலுவலகத்தில் வைத்திருக்கலாம்.