கோடை வாஸத்துக்கு ஒரு ஜாகை

சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். உதகைக்குப் போவதா, கோடைக்கானலுக்குப் போவதா, ஏற்காடே போதுமா என்ற விவாதம் காலைக் காப்பியோடு ஆரம்பித்து இராச் சாப்பாட்டோடு முடிகிறது. ஆனால் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளாத குடும்பங்கள் சில நம் தெருவிலேயே உண்டு. "இந்த வருஷம் எங்கே பிரயாணம்?" என்று கேட்டால், "எங்கும் இல்லை, வீடே ஸௌகரியமாக இருக்கிறது" என்று புன்னகையுடன் சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டில் ஆட்டிஸம் உள்ள நாலைந்து வயதுக் குழந்தை ஒன்று இருக்கும். அவர்களைத் தடுப்பது பணக் குறைவு அன்று. அன்னியமான ஓர் இடத்தில், நடு இரவில், குழந்தைக்கு என்ன நேருமோ என்ற அச்சமே.

இது வீண் அச்சம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் தக்க முன்யோசனை இருந்தால் பெரும்பாலும் விலக்கக் கூடிய அச்சம் என்று சொல்வோம்.

1943-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலிருந்த லியோ கானர் என்ற வைத்தியர், 11 குழந்தைகளைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். தங்களைச் சுற்றியுள்ளவை யாவும் என்றும் போலவே இருக்க வேண்டும் என்பதில் அக்குழந்தைகளுக்கு இருந்த பிடிவாதத்தை அவர் அதில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆட்டிஸம் தொற்று வியாதி அன்று. பெற்றோரின் வளர்ப்பினால் வருவதும் அன்று. மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு அது. நமக்குச் சிறிதாகத் தோன்றும் ஓசை அத்தகைய குழந்தைக்கு இடியாக இருக்கலாம். புதிய படுக்கையின் வாசனையே தூக்கத்தைக் கெடுக்கலாம். இப்படிப்பட்ட குழந்தைக்கு விடுமுறை என்பது, பழகிய அனைத்தும் ஒரே நாளில் மறைந்து போவதாகும்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. ஒருவரிடமும் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவதுதான் அது. 2012-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற வைத்தியப் பத்திரிகையில் 1,218 குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நாலு வயதுக்கு மேல் ஒரு முறையாவது இவ்வாறு வெளியேற முயன்றவர்கள் நூற்றுக்கு 49 பேர். காணாமற் போனவர்களில் நூற்றுக்கு 24 பேர் நீரில் மூழ்கும் ஆபத்திலும், 65 பேர் வண்டிகளில் அடிபடும் ஆபத்திலும் இருந்தனர். இவர்களிற் பலர் பயந்து ஓடியவர்கள் அல்லர்; தங்களுக்குப் பிரியமான ஏதோ ஒன்றை நாடிப் போனவர்கள். பிரியமானது தண்ணீராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆகையால் ஜாகை தேடும்போது, ஜன்னலிலிருந்து மலை தெரிகிறதா என்பது இரண்டாவது கேள்வி. தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்பதே முதற் கேள்வி. பழைய காலத்து வீடுகளில் கதவின் உச்சியில் இருக்கும் இரும்புத் தாழ்ப்பாள், குழந்தையின் கைக்கு எட்டாது. பெரியவர் நொடியில் திறந்துவிடலாம். நவீன ஹோட்டல்கள் பலவற்றிலோ கைப்பிடியை ஒரு தடவை அழுத்தினால் உள்ளிருந்து கதவு திறந்துகொள்ளும். பளபளப்பான அறையைக் காட்டிலும் பழைய பங்களா சில சமயம் மேலானது என்று நாம் சொல்வது இதனால்தான். ஆனால், கதவைப் பூட்டிச் சாவியை எங்கோ ஒளித்துவைப்பது தகாது. தீ விபத்து நேர்ந்தால் அதுவே யமனாகிவிடும். கதவில் ஒரு சிறு மணியைக் கட்டிவிடுவது நல்லது. மாட்டின் கழுத்து மணியானாலும் போதும்.

அடுத்த கேள்வி தண்ணீரைப் பற்றியது. நீச்சல் குளம் உண்டா, அதற்கு வேலியும் பூட்டும் உண்டா, தோட்டத்தில் திறந்த கிணறு இருக்கிறதா, தரையடித் தொட்டியின் மூடி கனமானதா என்று விசாரிக்க வேண்டும். கோடைக்கானலில் ஏரிக் கரையிலேயே தங்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள்; இக்குடும்பத்தினர் ஏரியை விட்டு விலகியே தங்கட்டும்.

மாடி அறையானால் முன்வாசற் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும், ஜன்னலில் கம்பி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். கீழ்த்தளமும், சுற்றுச் சுவரும், பூட்டக்கூடிய வாயிற் கதவும் கொண்ட தனி வீடு எல்லாவற்றிலும் சிலாக்கியமானது. ஹோட்டல்தான் கிடைக்கிறது என்றால், கலியாண மண்டபம், மின்தூக்கி, ஜெனரேட்டர் மூன்றுக்கும் தூரமான அறையாகக் கேட்டு வாங்கலாம். உறவினர் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் வருவோரும் போவோருமாக வாசற் கதவு நாள் முழுவதும் திறந்தே கிடக்கும். அதை முன்கூட்டியே பேசி வைப்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் விளம்பரத்திலுள்ள படங்களைப் பார்த்து நிச்சயிக்க இயலாது. மானேஜரைத் தொலைபேசியில் அழைத்து, குழந்தையின் தன்மையை ஒளிக்காமல் சொல்லி, கைபேசி மூலமாகவே கதவையும் ஜன்னலையும் நேராகக் காட்டச் சொல்ல வேண்டும். பொறுமையுடன் காட்டுகிறவர் நல்லவர். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, ஸார்" என்று சிரிக்கிறவரிடம் முன்பணம் கொடாமலிருப்பதே உத்தமம்.

பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தை என்றால், மே மாதக் கூட்டத்தில் போய் அகப்பட்டுக்கொள்ள அவசியமே இல்லை. கூட்டம் குறைந்த மாதத்தில், வார நாட்களில் போகலாம். உதகைக்கும் கோடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்வோர் 2024 மே 7 முதல் இ-பாஸ் பெற வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்துவிட்டால் வழியில் காத்து நின்று குழந்தை தவிக்க நேராது. நீலகிரி மலை ரயில் 46 கிலோமீட்டர் தூரமும் 16 குகைகளும் கொண்டது; மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். சில குழந்தைகளுக்கு அது சுவர்க்கம். ஊதல் ஒலிக்கும் இருளுக்கும் அஞ்சும் குழந்தைக்கு நரகம். ஐயமிருந்தால் குன்னூரிலிருந்து உதகை வரையிலான சிறு தூரம் மட்டும் ஏறிப் பார்க்கலாம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தங்கப் போகும் அறையின் படங்களைக் குழந்தைக்குத் தினமும் காட்டி வரலாம். அதன் சொந்தப் போர்வை, தலையணை, சாப்பிடும் தட்டு இவை மூட்டையில் முதலில் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன், ஒருவர் குழந்தையுடன் இருக்க மற்றவர் அறை முழுவதையும் சோதிக்க வேண்டும். குளியலறையின் உள் தாழ்ப்பாளைக் குழந்தை போட்டுக்கொண்டு அகப்படாதபடி, கதவின் மேல் ஒரு தடித்த துண்டைத் தொங்கவிட்டால் கதவு முழுதும் மூடாது. வெந்நீர்க் குழாயின் சூட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய உடையில் குழந்தையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும், சட்டையின் உட்புறத்தில் தொலைபேசி எண்ணைத் தைத்துவிடுவதும் நலம். ஒரு வேளை குழந்தையைக் காணோமென்றால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணீர் உள்ள இடம். தேடும்போதே 112-க்கும், குழந்தைகளுக்கான 1098-க்கும் சொல்லிவிட வேண்டும். பெயர் சொல்லி அழைத்தாற்கூட அக்குழந்தை பதில் கொடாமல் இருக்கலாம் என்பதைத் தேடுவோர் அனைவருக்கும் தெரிவிப்பது மிக அவசியம்.

இவ்வளவும் பெற்றோரின் கடமை. விடுதி நடத்துவோருக்குக் கடமை இல்லையா? 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் குறிக்கப்பட்ட ஊனங்கள் ஏழு. அவற்றில் ஆட்டிஸம் இல்லை. 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருபத்தொன்று. ஆட்டிஸமும் அவற்றில் ஒன்று. வாசலில் சாய்தளம் கட்டியதோடு கடமை முடிந்ததென்று விடுதிக்காரர்கள் எண்ணிவிடக் கூடாது. உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், குளத்துக்கு ஒரு வேலி, கூட்டம் சேருமுன் ஒரு குழந்தைக்குச் சாப்பாடு - இவற்றுக்கு ஆகும் செலவு, சுவருக்கு ஒரு முறை வர்ணம் அடிக்கும் செலவுகூட இராது.

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், நம்மவர்கள் திரும்பிப் பார்த்து, "பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை" என்று முணுமுணுப்பது வழக்கம். அந்தத் தாய் பல வருஷங்களுக்குப் பிறகு மலைக் காற்றைச் சுவாசிக்க வந்தவளாக இருக்கக்கூடும். நேயர்கள் அவளை உற்றுப் பார்க்க வேண்டாம். உபதேசமும் செய்ய வேண்டாம். வானொலியின் ஒலியைக் குறைக்கச் சொல்லி, திறந்து கிடக்கும் வாசற் கதவைச் சாத்திவிட்டு வந்தாலே போதும்.