வலையமைப்பின் வழிகளை அறிதல்

கிள்ளானை அடுத்த மேருவில் உள்ள ஒரு பள்ளியின் கணினி, பிரிக்பீல்ட்ஸிலுள்ள மற்றொரு கணினிக்குத் தரவுப் பொதியை அனுப்புகிறது எனக் கொள்வோம். இடையிலுள்ள திசைவிகள் முழுவழியையும் அறிந்து அதனைச் செலுத்துவதில்லை. ஒவ்வொன்றும் தன் வழிப்பட்டியலைப் பார்த்து, அடுத்த திசைவியிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே.

அவ்வாறாயின் முழு வரைபடத்தை எங்ஙனம் பெறுவது? 1988இல் வகுக்கப்பெற்ற எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை, அதாவது எஸ்.என்.எம்.பி., இதற்குத் துணைசெய்கிறது. மேலாண்மைக் கணினி முதல் திசைவியின் வழிப்பட்டியலைக் கேட்டுப் பெறும். அதில் அடுத்த தாவலாகக் குறிக்கப்பெற்ற திசைவிகளையும் நாடிக் கேட்கும். புதிய திசைவி கிட்டாதபோது தேடல் முடிவுறும். ஒரு திசைவிக்குப் பல முகவரிகள் உண்டு. அவற்றை ஒப்பிடாவிடில், ஒரே திசைவி படத்தில் இரண்டாகத் தோன்றும்.

வரைந்த படம் நிலையானதன்று. கம்பியொன்று அறுந்தால் வழிகள் மாறும். ஆகவே குறித்த இடைவெளிகளில் மீண்டும் கேட்டு, பழைய விடையோடு ஒப்பிடுதலே கண்காணிப்பு. எனினும், பட்டியல் பொதி செல்லவேண்டிய திசையைக் கூறுமேயன்றி, அது சென்றடைந்ததை உறுதிசெய்யாது.

மலேசியாவில் 1992இல் ஜாரிங் தொடங்கப்பெற்றது. இன்று சேவை நிறுவனங்கள் பல. 2006இல் அமைந்த மலேசிய இணையப் பரிமாற்றகத்தில் அவை தம்முள் இணைகின்றன. ஒரு நிறுவனத்தின் திசைவிகள் பிறருக்கு விடையளிப்பதில்லை. எனவே நம் படம் நம் எல்லையோடு நிற்கும்.

அவ்வெல்லையைக் காத்தலும் நம் கடன். முதலிரு பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே செல்கிறது. ‘பப்ளிக்’ என்னும் இயல்புச் சொல்லை மாற்றாதோரும் உளர். மூன்றாம் பதிப்பின் மறையாக்கத்தைப் பயன்படுத்தாவிடில், நாம் தேடி வரைந்த படத்தை அயலாரும் எளிதில் வரைந்துகொள்வர்.