உப்பும் ரத்தக் கொதிப்பும்

உரம், பூச்சிமருந்து என்று பேச வேண்டியவன் இன்று சாப்பாட்டு உப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. என் தகப்பனார் பழைய சோற்றில் உப்பைத் தாராளமாகப் போட்டு, ஊறுகாயும் கருவாடும் வைத்துச் சாப்பிட்டவர். ஒருநாள் மடை திருப்பப் போன இடத்தில் வாய் கோணி விழுந்துவிட்டார். பக்கவாதம். அதற்கு முந்தின நாள் வரை அவருக்குத் தலைவலிகூடக் கிடையாது. ரத்தக் கொதிப்பு அப்படித்தான், சொல்லிக்கொண்டு வராது.

உவர் நிலத்திலே தண்ணி நின்னாலும் பயிர் வாடுறதைப் பார்த்திருப்பீங்க. உப்பு தண்ணியைத் தன் பக்கம் பிடிச்சு வச்சுக்கும். உடம்பிலும் அதே குணம்தான். தேவைக்கு மேல் சேருகிற உப்பு ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. சிறுநீரகத்தால் உடனே வெளியேற்ற முடிவதில்லை. குழாய்க்குள் தண்ணீர் கூடினால் அழுத்தம் ஏறும் அல்லவா? அந்த அழுத்தத்தை எதிர்த்து இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை ரத்தத்தைத் தள்ளியாக வேண்டும். வருஷக்கணக்கில் இப்படி உழைத்தால் அதன் சதை தடித்துப்போகும். மண்வெட்டி பிடிக்கிற கை தடித்தால் பலம். இதயம் தடித்தால் பலமில்லை, கேடு.

"வெயில்ல வேர்வை சிந்துற எங்களுக்கு உப்பு வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். ஆனால் நம் சாதாரணச் சாப்பாட்டிலேயே அது பெரும்பாலும் வந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு கண்டால் மட்டும் உப்பு சர்க்கரைக் கரைசலை விடாமல் கொடுங்கள்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும். இந்துப்பு, கல்லுப்பு என்று மாற்றினாலும் கணக்கு மாறாது.

சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் வயதான ரத்தக் கொதிப்புக்காரர்களுமாகச் சுமார் 21,000 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிக் கிராமங்களுக்கு நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. மீதிக்கு வழக்கமான உப்பு. சுமார் ஐந்து வருஷம் கவனித்து 2021-ல் முடிவைச் சொன்னார்கள். கலப்பு உப்புக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. நாம் வயலுக்கு இடுகிற பொட்டாஷும் அதே பொருள்தான். அதற்காக உர மூட்டையைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கடையில் விற்கும் கலப்பு உப்பையும் தொடக் கூடாது.

30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். 140-க்கு 90 என்ற அளவில் நின்றால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உப்பைக் குறைத்துவிட்டோமே என்று அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.