உறைமோரில் ஒரு தடுப்பூசி

கள்ளிக்குப்பத்து வீடுகளில் இரவுதோறும் பாலுக்கு உறை ஊற்றுகிறோம். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களுக்கும் பகைவர் உண்டு. அவற்றையும் வைரஸ்கள் தாக்கும். அத்தாக்குதலை அவை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது வியப்புக்குரியது.

2007-இல் டேனிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள், யோகர்ட் தயாரிக்கப் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவை வைரஸ்களுடன் வளர்த்தனர். பிழைத்தவை, அந்த வைரஸின் மரபுப்பொருள் துணுக்கு ஒன்றைத் தம் டிஎன்ஏவில் பதித்திருந்தன. அதே வைரஸ் மீண்டும் நுழைந்தால், அப்பதிவைக் கொண்டு இனங்கண்டு அதனை வெட்டிவிடும். இவ்வேற்பாட்டின் பெயர் கிரிஸ்பர். தடுப்பூசி நமக்குத் தரும் நினைவு நம்மோடு நின்றுவிடும். பாக்டீரியாவின் நினைவோ சந்ததிக்கும் செல்லும்.

மரபுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களின் கருவிகளே காலப்போக்கில் இந்தக் காவலாக மாறின என்று அறிஞர்கள் கருதுகின்றனர். 2020-இல் வெளியான வகைப்பாடு இதனை 2 வகுப்புகள், 6 வகைகள், 33 துணைவகைகள் எனப் பிரித்தது. முதல் வகுப்பில் பல புரதங்கள் கூடி வெட்டும். இரண்டாம் வகுப்பில் ஒரே புரதம் அப்பணியைச் செய்யும். ஒன்றைக் கையாள்வது எளிது என்பதால், மருத்துவம் பெரிதும் இரண்டாம் வகுப்பையே நாடியது.

அவ்வகுப்பைச் சேர்ந்த கேஸ்9 புரதத்தைக் கொண்டு, தில்லியிலுள்ள மரபணுத்தொகுதி மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் 'ஃபெலூடா' என்னும் கொரோனா பரிசோதனையை உருவாக்கியது; 2020 செப்டம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தது. 2023-இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும், அரிவாள் செல் இரத்தசோகைக்குக் கேஸ்9 வழியிலான சிகிச்சையை ஏற்றன. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் நோய் இது.

இச்செய்திகளைப் படிக்கும் குடும்பங்கள் நம்பிக்கை கொள்வது இயல்பே. ஆயினும் அச்சிகிச்சை ஓர் ஊசியோடு முடிவதன்று. நோயாளியின் இரத்த மூல செல்களை எடுத்துத் திருத்தி, கடுமையான கீமோதெரபிக்குப் பின் மீண்டும் செலுத்துவர். பல வாரம் மருத்துவமனையில் தங்க நேரிடும். ஆகவே, 'மரபணுவைத் திருத்திக் குணமாக்குவோம்' என்னும் விளம்பரத்தை நம்பி, ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகளை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அவ்விளம்பரத்தை முதலில் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அது எந்த நோய்க்கு, எங்கே அனுமதி பெற்றது என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை மருந்து தொடரட்டும்.