கருவிக்கு உரை எழுதுவோர்

நியூஜெர்ஸியில் மர்ரே ஹில் என்ற இடத்தில் அமைந்த பெல் ஆராய்ச்சிச் சாலையில், கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவரும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய துறைத்தலைவர் டக்ளஸ் மக்கில்ராய் விடாமல் வற்புறுத்தியதன் பயனாக, 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு வெளிவந்த கையேட்டின் முதற்பதிப்பில், கட்டளைகளின் பெயர், பிரயோகம், விவரணம் ஆகியவற்றோடு, எந்த வியாபாரியும் தன் சரக்கைப் பற்றி எழுதத் துணியாத ‘குறைகள்’ என்ற தலைப்பும், சந்தேகம் எழுந்தால் யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லும் ‘உரியவர்’ என்ற தலைப்பும் இடம்பெற்றிருந்தன.

ஏட்டில் எழுதியது எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும், தாழ்வாரத்தில் நாலு அடி நடந்துபோய் ஆசாமியையே கேட்டுவிடலாம் என்ற தைரியத்தை அந்த ‘உரியவர்’ என்ற வரி வாசகனுக்கு அளித்தது. நம் இலக்கணங்களில் சூத்திரம் ஒன்றரை வரியில் முடிந்துபோனாலும், உரையாசிரியர் துணைக்கு இருக்கிறார் என்று மாணவன் நிம்மதியாக இருப்பதைப் போன்ற நிலைமை அது.

அந்த வாசகனின் இடத்துக்கு இப்பொழுது ‘ஏஜென்ட்’ வந்துவிட்டது. ஏஜென்ட் என்றால் இன்ஷூரன்ஸ் பாலிஸியோடு வாசலில் வந்து நிற்பவர்தான் நம் நினைவுக்கு வருவார். மென்பொருள் உலகத்திலோ, லாங்குவேஜ் மாடல் எனப்படும் மொழி மாதிரி ஒன்றை மூளையாகக் கொண்டு, மனிதன் ஏவிய காரியத்தைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தகுந்த கருவியைத் தானே தேர்ந்தெடுத்து இயக்கும் நிரலுக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. கருவியின் உள்ளே எழுதப்பட்டுள்ள நிரல் சாதாரணமாக அதன் கண்ணில் படுவதில்லை. பெயர், சில வரி விவரணம், என்னென்ன தகவல்களை எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவும் வெறும் சொற்களாக, நம் வேண்டுகோளோடு சேர்த்து அதன்முன் வைக்கப்படுகின்றன. அந்தச் சொற்களை நம்பி அது எழுதித் தரும் கட்டளையை வேறொரு நிரல் நிறைவேற்றி, விளைவையும் சொற்களாகவே திருப்பித் தருகிறது.

ரயில்வே முன்பதிவு ஜன்னலில் ‘03-04’ என்று எழுதி நீட்டினால், உள்ளே இருக்கும் குமாஸ்தா சற்றே நிமிர்ந்து, “ஏப்ரல் மூணுதானே சார்?” என்று கேட்பார். ஏஜென்ட்டோ, அமெரிக்க வழக்கப்படி அது மார்ச் 4-ஆ, நம் வழக்கப்படி ஏப்ரல் 3-ஆ என்பதை விவரணம் தெளிவாக்காதபோது, இரண்டில் ஒன்றை ஊகித்துக்கொண்டு, சிறிதும் தயக்கம் காட்டாமல் மேலே போய்விடக்கூடும். தவறு நேர்ந்த சமாசாரம் நமக்குப் பிளாட்பாரத்தில்தான் தெரியவரும். கருவியின் விவரணத்தில் ‘தேதி’ என்று மொட்டையாக எழுதியவர், ‘ஆண்டு-மாதம்-நாள், உதாரணமாக 2026-04-03’ என்று இன்னும் நாலு சொற்களைச் சேர்த்திருந்தால் இந்த அனர்த்தம் இல்லை. இந்தக் கருவி எதைச் செய்யாது, எந்தச் சந்தர்ப்பத்தில் இதைத் தொடக்கூடாது, ரத்துசெய்துவிட்டால் மீட்க முடியுமா என்பவற்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஏட்டின் ‘குறைகள்’ என்ற தலைப்புக்கு இன்றுதான் பூரணமான உபயோகம் வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பிழைச் செய்தியும் விவரணத்தின் ஒரு பாகமே. ‘பிழை 400’ என்று மட்டும் முறைத்துவிட்டுப் போகும் கருவியிடம் ஏஜென்ட் அதே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்; எது பிசகு, எப்படி எழுதினால் சரி என்று சொல்லும் கருவியிடம் அடுத்த முறையே திருத்திக்கொள்ள வழி பிறக்கும்.

எழுத்தால் தீராத குழப்பங்களும் உண்டு. நிரல்களில் உள்ள பழுதுகளைச் சரிசெய்யும் ‘எஸ்டபிள்யூஇ-பெஞ்ச்’ என்ற பரீட்சைக்காக ஓர் ஏஜென்ட்டைத் தயாரித்தபோது, அதற்குக் கொடுத்த பொதுவான உத்தரவைவிடக் கருவிகளைச் செப்பனிடுவதிலேயே அதிகக் காலம் செலவழிந்ததாக ஆந்த்ரோபிக் ஸ்தாபனத்தார் 2024 டிசம்பரில் எழுதினார்கள். கோப்பு இருக்கும் இடத்தை, ‘இங்கிருந்து மூன்றாவது வீடு’ என்று சொல்வதைப்போல, நிற்கும் இடத்தை வைத்துச் சொல்ல அனுமதித்திருந்ததால், ஏஜென்ட் கோப்புகளை வைத்திருக்கும் மூல அடைவை விட்டு வேறிடம் நகர்ந்தபிறகு விலாசம் தவறியது. வீதிப் பெயரும் கதவெண்ணும் போல முழு முகவரியையே எப்போதும் கொடுக்க வேண்டும் என்று கருவியை மாற்றியமைத்ததும் அந்தத் தவறு நின்றுபோயிற்று.

இதைக் கேட்டு, பக்கம் பக்கமாக எழுதித் தள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். விவரணத்தின் ஒவ்வொரு சொல்லும், மொழி மாதிரி ஒரே சமயத்தில் நினைவில் வைத்திருக்கக்கூடிய அளவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒன்றுக்கொன்று ஜாடையொத்த இருபது கருவிகளை வரிசையாக நிறுத்தினால், எதைக் கூப்பிடுவது என்று அது திகைக்கும்.

கருவிகளை ஏஜென்ட்டுகளோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் அதே ஸ்தாபனத்தார் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது ஒழுங்குமுறையில், ஒவ்வொரு கருவிக்கும் பெயர் கட்டாயம். கொடுக்க வேண்டிய தகவல்களின் வடிவம் கட்டாயம். விவரணம் மட்டும் எழுதுவோரின் இஷ்டத்துக்கு விடப்பட்டிருக்கிறது.