பிள்ளை கட்டையாக இருப்பது தலையெழுத்தா?



“எங்க பரம்பரையே கட்டைதானே, பிள்ளை மட்டும் எப்பிடி வளரும்?” கிளினிக் நாளில் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். தாய் தகப்பன் உயரத்துக்கும் பிள்ளையின் உயரத்துக்கும் சம்பந்தம் உண்டுதான். ஆனால் சின்ன வயதில் பிள்ளை வளராமல் நின்றுபோவதற்கு அது பெரிய காரணம் அல்ல.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமான், கானா, பிரேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் பிள்ளைகளை அளந்து, 2006ஆம் ஆண்டில் வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்த பிள்ளைகள், எந்த நாட்டில் பிறந்தாலும், முதல் 5 வயதுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரியே வளர்ந்தார்கள். அந்த அளவுப்படி 2 வயது நிறைந்த ஆண் பிள்ளையின் சராசரி நீளம் 88 சென்டிமீட்டருக்குக் கிட்ட இருக்கும். பெண் பிள்ளைக்கு 86. ஆண் பிள்ளை 81.7க்கும், பெண் பிள்ளை 80க்கும் கீழே இருந்தால் அதைத்தான் வளர்ச்சி குன்றல் என்கிறார்கள்.

எமது தோட்டங்களில் நிலைமை என்ன? 2006-07இல் அரசாங்கம் எடுத்த ஆய்வில், தோட்டப் பகுதியில் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட 100 பிள்ளைகளில் 40 பேர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். 2016 ஆய்வில் அது 32 ஆகக் குறைந்தது. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 17தான். இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. மற்றவர்களைவிட நமது பிள்ளைகள் இன்னும் பின்னால் நிற்கிறார்கள். அதேநேரம், 10 வருடத்தில் யாருடைய பரம்பரையும் மாறாது; வாழ்க்கைதான் மாறும். ஆகவே இது தலையெழுத்து இல்லை. மாற்றக்கூடிய காரியம்.

எங்கே தொடங்குகிறது?

தாயின் வயிற்றில் தொடங்குகிறது. கர்ப்ப காலம் 270 நாள், முதல் வருடம் 365 நாள், இரண்டாம் வருடம் 365 நாள். மொத்தம் 1000 நாள். பிள்ளையின் உடம்பும் மூளையும் வேகமாக வளரும் காலம் இது. இதில் தவறவிட்ட உயரத்தைப் பின்னால் பிடிப்பது மிகக் கஷ்டம்.

தாய்க்கு இரத்தச்சோகை இருந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையையும் தேத்தண்ணியோடு போடக்கூடாது. ஒரு மணித்தியாலமாவது விட்டுக் குடியுங்கள்.

பிறந்த பிறகு 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். ஆறு மாதம் கழிந்த பிறகுதான் பல வீடுகளில் தடுமாற்றம். கோதுமை மா ரொட்டியைச் சாயத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தால் வயிறு நிறையும், உயரம் கூடாது. பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை, கொஞ்சம் எண்ணெய் சேர வேண்டும்.

சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. அடிக்கடி வயிற்றோட்டம், விறகுப் புகையால் இருமல், வயிற்றில் பூச்சி என்று வந்தால், சாப்பிட்ட சத்து வளர்ச்சிக்குப் போகாமல் நோயோடு போராடவே போய்விடும். லயத்துக் காம்பராவில் நெருக்கம், பொதுப் பீலித் தண்ணி, சரியில்லாத மலசலகூடம் எல்லாம் பிள்ளையின் உயரத்தைத் தொடுகின்றன. ஆகவே தாயை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை.

கிளினிக் இருந்தும் ஏன் போதவில்லை?

திரிபோஷா 1973 முதல் நாட்டில் கொடுக்கப்படுகிறது. மாதாமாதம் நிறை பார்க்கிறோம், தடுப்பூசி போடுகிறோம். இருந்தும் குறை நிற்பதற்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, வேலை நாளில் கிளினிக் வைத்தால் அம்மாவுக்கு அரைப்பேர் போய்விடும். சம்பளமா, கிளினிக்கா என்று வந்தால் பாவம், அவர் என்ன செய்வார்? இரண்டு, குடும்பநல உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாவிட்டால், நிறை எழுதப்படும். ஆனால் பேச்சு நடக்காது. மூன்று, தாய்க்கும் சேய்க்கும் கொடுத்த திரிபோஷாவை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுகிறோம். நான்கு, நிறையைப் பார்க்கும் அளவுக்கு நீளத்தைக் கவனிப்பதில்லை. நிறை சரியாக இருக்கிற பிள்ளையும் கட்டையாக இருக்கலாம்.

இந்தோனேசியாவிலும் இதே பாடம்தான். அங்கே 1980களில் இருந்து கிராமம்தோறும் ‘போஸ்யாண்டு’ என்ற மாதாந்தக் கிளினிக் நடக்கிறது. அயல்வீட்டுப் பெண்களே தொண்டர்களாக நின்று நடத்துகிறார்கள். ஐந்து மேசை முறை: பதிவு, நிறுவை, எழுதுதல், ஆலோசனை, மருத்துவ சேவை. இப்படி இருந்தும் 2013இல் அந்த நாட்டில் 100க்கு 37 பிள்ளைகள் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். பிறகு கர்ப்பிணித் தாய், குடிதண்ணீர், மலசலகூடம், சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தார்கள். 2022இல் அது 22க்குக் கிட்ட இறங்கியது. தராசு வியாதியைக் காட்டும், வைத்தியம் பார்க்காது. நிறுத்த பிறகு நடக்கும் பேச்சும், வீட்டில் வரும் மாற்றமும்தான் பலன் தரும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு

இப்போது பல தோட்டக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வாழ்கின்றன. அம்மா வெள்ளவத்தையில் வீட்டு வேலை, அப்பா கொட்டாஞ்சேனையில் கடை வேலை, பிள்ளை தோட்டத்தில் அம்மாயியிடம். கிளினிக்கில் ஆலோசனை சொல்ல ஆளைத் தேடினால், சோறு ஊட்டுகிறவர் ஒருவர், காசு அனுப்புகிறவர் இன்னொருவர். ஆகவே அம்மாயி, அப்பாயிமாரையும் கிளினிக்குக்கு அழைத்துப் பேச வேண்டும். அவர்களை விட்டுவிட்டு நடத்தும் எந்தத் திட்டமும் அடுப்படிவரை போகாது.

கொழும்பில் இருக்கும் தாய்மாரே, போனில் “சாப்பிட்டானா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இன்னைக்கு முட்டை குடுத்தீங்களா? கிளினிக்குக்குக் கொண்டுபோனீங்களா? எத்தனை சென்டிமீட்டர்?” என்று கேளுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். லீவுக்கு வரும்போது பெட்டி பெட்டியாக பிஸ்கட்டும் டின் மாவும் கொண்டுவருகிறீர்கள். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ பருப்பு வரும் என்று ஒருதரம் கணக்குப் பாருங்கள்.

கொழும்பில் வேலை செய்யும்போது கர்ப்பம் என்று தெரிந்தால், ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். மாநகர சபையின் தாய் சேய் கிளினிக்கில் உடனே பதியுங்கள். ஊருக்குப் போகும்போது கர்ப்பிணிப் பதிவேட்டைக் கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள்.

2022இல் நாடு பட்ட பாட்டை மறக்க முடியாது. கொழும்பு விலைச்சுட்டெண் கணக்குப்படி அந்த வருடம் செப்டம்பரில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 95 வீதம் அளவில் ஏறியிருந்தது. திரிபோஷாவும் தட்டுப்பட்டது. அப்போது வயிற்றில் இருந்த, தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகளை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

1. 2 வயதுவரை நிறையோடு நீளத்தையும் அளந்து பதியும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2. பிள்ளை மடுவத்துக்கு வந்து பால் கொடுக்கும் இடைவேளை, ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையுள்ள தாய்க்குச் சட்டம் தந்தது. பயமில்லாமல் எடுங்கள்.

3. பிள்ளைக்குத் தனிக் கோப்பையில் சாப்பாடு வையுங்கள். எவ்வளவு சாப்பிட்டது என்று அப்போதுதான் தெரியும்.

4. தண்ணியைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். சமைக்க முன்னும், மலசலகூடம் போய்வந்த பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

5. லயத்துக்குப் பின்னால் ஒரு முழ இடம் இருந்தாலும் வல்லாரை, பொன்னாங்காணி நடுங்கள். இடம் இருந்தால் இரண்டு கோழி வளருங்கள்.

6. கிளினிக் நாளில் அரைப்பேர் வெட்டாமல் இருக்க, தலைவர்மாரும் மாதர் சங்கமும் துரையிடம் சேர்ந்து போய்ப் பேசுங்கள். தனியாகக் கேட்டால் தயவு, சேர்ந்து கேட்டால் ஏற்பாடு.

அப்பாமாரே, இது பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுங்காதீர்கள். சம்பள நாளில் சாராயக் கடைக்குப் போகும் காசில் ஒரு பங்கு முட்டைக்குப் போனால், அது பிள்ளையின் எலும்பில் சேரும். அடுத்த கிளினிக் எந்தத் தேதி என்று இன்றைக்கே விசாரித்து, காம்பராக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.